மீட்டருக்கு மேல 32

மே மாதம் வந்தால் சென்னையில் ஒரே நாளுக்கு இரண்டு வெயில். டிவியில் "சதமடித்தது வெயில், 104 டிகிரி" என்று ஓடும், கையில் இருக்கும் போன் 40 என்று காட்டும். இரண்டும் ஒரே வெயில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சொன்னால் உடனே கூகுளைத் திறப்போம். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில்தான் தருகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் பாரன்ஹீட்டை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் 100 என்ற எண்ணுக்கு இருக்கும் கெத்துதான் என்பது என் சந்தேகம். "37.8-ஐத் தொட்டது வெயில்" என்று தலைப்புப் போட்டால் யார் படிப்பார்கள்?

அக்கா மகன் பத்தாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கரண்ட் வேறு இல்லை, நோட்டோடு வந்து நின்றான். கணக்கு இதுதான்: ஒரு கோளாறான வெப்பமானி உருகும் பனிக்கட்டியில் 3 என்று காட்டுகிறது, கொதிக்கும் நீரில் 93 என்று காட்டுகிறது. அது 39 காட்டும்போது உண்மையான வெப்பநிலை எவ்வளவு செல்சியஸ்?

"மாமா, இதுக்கு எந்த ஃபார்முலா?"

32-ஐக் கூட்டணுமா கழிக்கணுமா, 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்கணுமா, அல்லது தலைகீழா என்று அவன் தலைக்குள் நான்கு ஃபார்முலா ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்குக்கு அதில் ஒன்றும் உதவாது, ஏனென்றால் இந்த வெப்பமானி செல்சியஸும் இல்லை பாரன்ஹீட்டும் இல்லை, அதுபாட்டுக்கு ஒரு தனி அளவுகோல். ஃபார்முலாவை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறலாம் என்றேன்.

2013-இல் சென்னையில் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் பலருக்கு நினைவிருக்கும்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (அந்தக் கட்டணத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள், கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம்.) இப்போது உங்களுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது, மீட்டர் காட்டிய இரண்டு தொகைகள் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கிலோமீட்டர் போனதற்கு 75 ரூபாய் 40 காசு, 10 கிலோமீட்டர் போனதற்கு 123 ரூபாய் 40 காசு. இதிலிருந்து கட்டண விதியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். தூரத்தில் 4 கிலோமீட்டர் வித்தியாசம், காசில் 48 ரூபாய் வித்தியாசம், ஆக கிலோமீட்டருக்கு 12. சரி, அப்படியென்றால் 6 கிலோமீட்டருக்கு 72 ரூபாய்தானே வரவேண்டும், வந்திருப்பது 75.40. மிச்சம் இருக்கும் 3.40 தூரத்தோடு சம்பந்தமில்லாமல் மேலே ஒட்டிக்கொண்டிருப்பது. விதி கிடைத்துவிட்டது: கட்டணம் = 12 × தூரம் + 3.40.

பாடப்புத்தகத்தில் அந்த 12-க்குப் பெயர் சாய்வு, 3.40-க்குப் பெயர் வெட்டுத்துண்டு, இரண்டையும் சேர்த்து எழுதினால் "ஒய் ஈக்குவல் டு எம்எக்ஸ் பிளஸ் சி". ஆட்டோ ஸ்டாண்டில் இதற்குப் பேர் வேறு. "மீட்டருக்கு மேல 20 போட்டுக் குடுங்க" என்று டிரைவர் கேட்டால் அவர் வெட்டுத்துண்டை மட்டும் மாற்றுகிறார், கிலோமீட்டருக்கு 12 என்பது அப்படியே இருக்கும். கிட்டே போனாலும் அதே 20, தூரம் போனாலும் அதே 20. "ஒன்றரை மீட்டர்" என்று கேட்டாரானால் சாய்வும் மாறுகிறது, வெட்டுத்துண்டும் மாறுகிறது: 18 × தூரம் + 5.10. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவருக்கு ஒன்றரை மீட்டர் லாபம், சென்ட்ரலிலிருந்து தாம்பரம் போகிறவருக்கு மேல 20 லாபம். எந்த இடத்தில் இரண்டும் சமமாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும்.

இப்போது பாரன்ஹீட்டுக்கு வருவோம். செல்சியஸில் ஒரு டிகிரிக்கு 1.8 என்று மீட்டரை ஓட்டி, மீட்டருக்கு மேல 32 போட்டுக் கொடுத்தால் பாரன்ஹீட். அவ்வளவுதான் அந்தப் பிரபலமான ஃபார்முலா. தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்து அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: பனி உருகுவது 0-க்கு 32, நீர் கொதிப்பது 100-க்கு 212. இந்தப் பக்கம் 100 படி, அந்தப் பக்கம் 180 படி, ஆக ஒரு படிக்கு 1.8 படி. மனப்பாடம் தேவைப்படுவது இரண்டு ஜோடி எண்களுக்கு மட்டும்தான்.

ஆட்டோ கணக்கில் அந்த 3.40 என்பது என்ன காசு என்று அக்கா மகன் நடுவில் கேட்டான். நல்ல கேள்வி. யாரும் அதை வாங்குவதில்லை. 0 கிலோமீட்டருக்கு 3.40 என்று விதி சொல்கிறது, ஆனால் ஏறி உட்கார்ந்தாலே 25. நேர்கோடு 1.8 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது, அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் 3.40-இல் போய் இடிக்கும், அதற்கு அங்கே அர்த்தம் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் வரும்.

கோளாறு வெப்பமானிக்குத் திரும்பினால் இனி அது சுலபம். அதன் கணக்கில் பனிக்கும் கொதிநீருக்கும் நடுவே 90 படிகள். 39 என்பது கீழிருந்து 36-வது படி. 90-இல் 36 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு தூரம் ஏறியிருக்கிறோம். உண்மையான செல்சியஸில் 100 படி, அதில் ஐந்தில் இரண்டு பங்கு 40. பாரன்ஹீட் கேட்டாலும் அதே வழி: 180-இல் ஐந்தில் இரண்டு பங்கு 72, தொடக்கம் 32, ஆக 104. டிவியில் ஓடிய அதே 104. எந்த அளவுகோலாக இருந்தாலும் "கீழ்ப்புள்ளியிலிருந்து எத்தனை பங்கு ஏறியிருக்கிறோம்" என்பது மாறாது, மாறுவது அந்தப் பங்குக்கு ஒவ்வொரு அளவுகோலும் ஒட்டும் எண்தான். தேர்வில் புதுப் புதுப் பெயரில் அளவுகோல்களைக் கொடுத்து மிரட்டும் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அதே வெப்பமானியை வைத்து இன்னொரு கேள்வி கேட்டேன். எந்த வெப்பநிலையில் அது சரியாகக் காட்டும்? அது காட்டுவது 0.9 × செல்சியஸ் + 3. இது செல்சியஸுக்கே சமமாக வேண்டுமானால் விட்டுப்போன பத்தில் ஒரு பங்கு அந்த 3-க்குச் சமமாக வேண்டும், அதாவது 30 டிகிரி. டிசம்பர் மாத மதியம் ஒன்றில் சென்னையில் யாராவது இதை வாங்கிச் சோதித்துப் பார்த்தால் கச்சிதமாக இருக்கிறது என்று சான்றிதழே கொடுத்துவிடுவார்கள். ஓர் இடத்தில் சரியாக இருக்கிறது என்பதை வைத்து அளவுகோலை நம்ப முடியாது, இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். (அந்த இரண்டு இடமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது தனிக்கதை. நல்ல வெப்பமானியை ஊட்டிக்கு எடுத்துப்போய்க் கொதிநீரில் விட்டால் 92, 93 என்றுதான் காட்டும். கோளாறு வெப்பமானியில் இல்லை, மலை மேலே காற்றழுத்தம் குறைவு, அங்கே நீர் கொதிப்பதே அந்த வெப்பநிலையில்தான்.)

பாரன்ஹீட்டும் செல்சியஸும் சந்திக்கும் இடத்தையும் இப்படியே கண்டுபிடிக்கலாம், அது மைனஸ் 40. சென்னையில் இருந்துகொண்டு மைனஸ் 40 எதற்கு என்று தோன்றும், ஆனால் நான் தினமும் பயன்படுத்தும் குறுக்குவழி அதுதான். இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைச் சொல்லும் இடத்தில் நின்றுகொண்டால் 32-இன் தொல்லையே இல்லை. 40-ஐக் கூட்டு, 1.8-ஆல் பெருக்கு, 40-ஐக் கழி. 37 என்றால் 77, பெருக்கினால் 138.6, கழித்தால் 98.6. திரும்பி வர வேண்டுமா, அதே 40-ஐக் கூட்டி, 1.8-ஆல் வகுத்து, அதே 40-ஐக் கழிக்க வேண்டியதுதான். கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் இரண்டு பக்கமும் கிடையாது.

இன்னும் சுலபமானது, நமக்கு வேண்டிய இடத்திலேயே முளை அடித்துக்கொள்வது. மாட்டை எந்த முளையில் கட்டினாலும் கயிற்றின் நீளம் ஒன்றுதான், அதுபோலத்தான் இதுவும். வெயிலுக்கு என் முளை 40-க்கு 104. அங்கிருந்து 5 டிகிரி செல்சியஸுக்கு 9 டிகிரி பாரன்ஹீட் நகர்ந்தால் 45-க்கு 113, 35-க்கு 95, 30-க்கு 86. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி என்பது அந்த 113. காய்ச்சலுக்கு முளை 37-க்கு 98.6, 38-க்கு 100.4, 39-க்கு 102.2 என்று 1.8 ஆக ஏறிக்கொண்டே போகலாம். எங்கள் வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் பட்டனை யாரோ அழுத்தி செல்சியஸுக்கு மாற்றிவைத்திருந்த ஓர் இரவு, பொண்ணுக்கு 38.9 என்று காட்டியது. "வெறும் 38 தானே, 98 கூட இல்ல, ஒண்ணுமில்ல" என்று அம்மா போர்வையைப் போர்த்திவிட்டார். அது 102. கையை வைத்துப் பார்த்த பிறகுதான் பட்டனைத் தேடினோம்.

இந்த 32 எங்கிருந்து வந்து தொலைத்தது என்று கேட்கத் தோன்றும். டேனியல் காப்ரியேல் பாரன்ஹீட் 1724-இல் தன் அளவுகோலை விவரித்தபோது மூன்று புள்ளிகளைச் சொன்னார். பனிக்கட்டியும் நீரும் நவச்சாரம் என்ற உப்பும் கலந்த குளிர்க் கலவைக்கு 0, பனிக்கட்டியும் நீரும் மட்டும் இருந்தால் 32, ஆரோக்கியமான மனிதரின் உடம்புக்கு 96. நீர் கொதிப்பது 212 என்பதை மேல்முளையாக வைத்துப் பின்னால் அளவுகோலைச் சரிசெய்தபோதுதான் உடம்பின் சூடு 96-லிருந்து 98-க்கு மேலே நகர்ந்தது. அவருடைய பூஜ்யம் பனிக்கட்டியைவிடக் கீழே இருக்கிறது, செல்சியஸின் பூஜ்யம் பனிக்கட்டியிலேயே இருக்கிறது, இந்த இடைவெளிக்குப் பேர்தான் 32. இயற்கையில் அப்படி ஒரு எண் கிடையாது, இரண்டு பேர் பூஜ்யத்தை வேறு வேறு இடத்தில் வைத்ததால் வந்தது.

ஆண்டர்ஸ் செல்சியஸ் கதை இன்னும் வேடிக்கை. ஸ்வீடன்காரர், 1742-இல் தன் அளவுகோலைச் சொன்னபோது நீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்று வைத்தார். தலைகீழ்! அவர் 1744-இல் இறந்த பிறகுதான் அது திருப்பிப் போடப்பட்டது. அவர் வைத்தபடியே இருந்திருந்தால் சாய்வு மைனஸ் 1: அவருடைய எண் = 100 − இன்றைய எண். நம் மே மாதம் 60 ஆகவும் மார்கழிக் காலை 80 ஆகவும் இருந்திருக்கும், "சதமடித்தது" என்ற தலைப்பு காஷ்மீருக்குப் போயிருக்கும்.

இனி நான் அதிகம் எரிச்சலடையும் விஷயம். அளவு வேறு, அளவுகளின் வித்தியாசம் வேறு. 2015 பாரிஸ் ஒப்பந்தம் பேசும் 1.5 டிகிரி உயர்வைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 2.7. ஃபார்முலாவில் அப்படியே போட்டுத் தட்டினால் 34.7 வரும், உலகம் அவ்வளவு சூடானால் கட்டுரை எழுத நானும் இருக்கமாட்டேன். வித்தியாசம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் இருக்கும் 32 ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது 1.8 மட்டும். ஆட்டோவிலும் அதேதான்: இன்னும் 2 கிலோமீட்டர் தள்ளி இறங்கினால் கூடுதலாக 24 ரூபாய்தான், மேல 20-ஐ மறுபடி கேட்டால் சண்டை போடலாம்.

இந்தப் பிழை நம் ஊர் வெயில் செய்தியில் சத்தமில்லாமல் நுழையும். "இன்று 104 டிகிரி, இயல்பைவிட 3 டிகிரி அதிகம்" என்று ஒரு வரி வந்தால், இயல்பு 101 என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் மூலக்குறிப்பில் இருந்தது 40 டிகிரி செல்சியஸும் 3 டிகிரி செல்சியஸும் என்றால் இயல்பு 37, அதாவது 98.6. முதல் எண்ணை மாற்றியவர் இரண்டாவது எண்ணை மாற்ற மறந்துவிட்டார். 3 டிகிரி அங்கே 5.4 ஆகியிருக்க வேண்டும்.

"இருமடங்கு வெயில்" என்பதும் இதே குடும்பம். ஓரிடத்தில் 20 டிகிரி, இன்னோரிடத்தில் 40 டிகிரி, ஆக இரண்டு மடங்கு என்று சொன்னால் பாரன்ஹீட்காரர் 68-க்கும் 104-க்கும் எங்கே இரண்டு மடங்கு என்று கேட்பார். இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற இடத்தில் பூஜ்யத்தை வைக்கும் கெல்வின் அளவுகோலில் பார்த்தால் 293.15, 313.15, வெறும் 7 சதவீத ஏற்றம். பூஜ்யம் உண்மையிலேயே "ஒன்றுமில்லை" என்று இருக்கும் அளவுகோல்களில்தான் மடங்குப் பேச்சு செல்லும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அரை கிரவுண்டு 1200. ஒரு சவரன் 8 கிராம், ஐந்து சவரன் 40. இங்கெல்லாம் மேலே போடுவது எதுவும் கிடையாது, சாய்வு மட்டும்தான், அதனால் யாரும் தடுமாறுவதில்லை.

நேர்மாறாக, சாய்வு 1 ஆக இருந்து மேலே போடுவது மட்டும் இருக்கும் மாற்றம் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தினசரி காலண்டரில் திருவள்ளுவர் ஆண்டு: தை பிறந்த பின் ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் போதும், 2024 என்றால் 2055. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதால் எத்தனை ஆயிரம் வருடம் போனாலும் சந்திக்காது, இணைகோடுகள். பக்கத்திலேயே இருக்கும் ஹிஜ்ரி ஆண்டு அப்படியில்லை. சந்திரனை வைத்து நடப்பதால் வருடத்துக்கு சுமார் 354 நாள்தான், நம் 32 வருடத்துக்குள் அது கிட்டத்தட்ட 33 வருடம் ஓடிவிடும். 622-இல் தொடங்கியதால் பின்தங்கியிருக்கிறது, ஆனால் சாய்வு வேறு, அதனால் என்றைக்காவது பிடித்துவிடும். கி.பி. இருபதாயிரத்துச் சொச்சத்தில். பாரன்ஹீட்டும் செல்சியஸும் மைனஸ் 40-இல் சந்திப்பதும் அதே காரணத்தால்தான்.

இதுவரை பார்த்த வெப்பநிலை, கட்டணம் எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து நேர்கோடாக வகுத்தவை. அளந்து பார்த்து, சிதறிக்கிடக்கும் புள்ளிகளுக்கு நடுவே போட்ட கோடுகளும் இருக்கின்றன. சர்க்கரை இருக்கிறவர்கள் வீட்டில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் பாருங்கள், பக்கத்தில் சராசரிச் சர்க்கரை என்று ஓர் எண்ணும் பல லேப்களில் அச்சாகி வரும். அது 28.7 × எச்பிஏ1சி − 46.7, 2008-இல் வெளியான ஆய்விலிருந்து வந்த கோடு. 7 என்றால் 154. மேலே போடுவது இங்கே கழித்தலாக இருக்கிறது, அதனால் 14 என்றால் 308 இல்லை, 355. ஆனால் 40-க்கு 104 என்பதைப்போல இதைப் பிடித்துக்கொள்ள முடியாது. கோடு எல்லாருக்கும் பொதுவானது, ஒவ்வொருவர் ரத்தமும் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கும், ரத்தசோகை இருந்தால் இன்னும் விலகும். உங்கள் குளுக்கோமீட்டர் காட்டுவது இதோடு ஒத்துவரவில்லை என்றால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

அக்கா மகனுக்குக் கோடு பிடித்துப்போய்விட்டது, எல்லாவற்றுக்கும் இழுக்க ஆரம்பித்தான். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த எண்கள் இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். "அப்போ 12 அடி இருந்தா பாதி, 1822 தானே மாமா?" இரண்டு புள்ளி இருக்கிறது, 0-க்கு 0, 24-க்கு 3645, நடுவில் கோடு போட்டுவிட்டான். முறை தப்பில்லை, ஏரிதான் ஒத்துழைக்காது. ஆட்டோவின் அந்த 3.40 மாதிரிதான், கோடு செல்லாத இடத்தில் கோடு சொல்லும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அது நேராக நிற்கும் சின்டெக்ஸ் டேங்க் இல்லை, வாய் அகன்ற கிண்ணம் மாதிரி, அடியில் குறுகி மேலே விரிந்து கிடப்பது. கீழே ஓர் அடி ஏற எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ, மேலே ஓர் அடி ஏற அதைவிடப் பல மடங்கு வேண்டும். பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது, ரொம்பக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரே ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டை வைத்துக்கொள்வதில்லை, எத்தனை அடிக்கு எவ்வளவு என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

"அப்போ மழை நேரத்துல 22 அடி வந்துட்டா, மிச்சம் 2 அடிக்குக் கொஞ்சம் தண்ணிதானே பிடிக்கும்?" என்றான். அந்த 2 அடி 24-இல் பன்னிரண்டில் ஒரு பங்குதான், ஆனால் ஏரி அகலமாக விரிந்து கிடக்கும் இடத்தில் இருக்கும் 2 அடி. நோட்டைத் திருப்பி ஒரு கிண்ணம் வரைந்து காட்டினேன், அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, அவன் ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டான்.